சென்னையிலிருந்து சிங்கப்பூர்: ஆகாய தூரமும் பிரயாண காலமும்

ஆகாய மார்க்கமாக அயல்நாடு போகக் கருதுகிறவர், பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே, ஏன், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்கிற கேள்வி, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்பதுதான். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அதற்குக் கிடைக்கும் பதில், ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம் என்பது. பதிலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாலேகால் மணியை மட்டும் நம்பித் தம் ஏற்பாடுகளையெல்லாம் வகுத்துக்கொள்ளும் ஒருவர், தஞ்சாவூரில் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்பட்ட வேளையிலிருந்து, சிங்கப்பூரில் மகளுடைய அடுக்குமாடி வீட்டின் அழைப்பு மணியை அழுத்தும் வேளை வரையில், பதினாறு பதினேழு மணி நேரம் கழிந்திருப்பதைக் கண்டு களைத்துப்போவார். விமானத்தில் கழிவது அந்தப் பிரயாணத்தில் நான்கில் ஒரு பங்கு. மிச்சமுள்ள முக்கால் பங்கும் ரயிலிலும் வரிசையிலும் காத்திருப்புக் கூடத்து நாற்காலியிலும் போய்விடுகிறது. ஆகையால் தூரம் இன்னது, காற்றின் போக்கு இன்னது, கடிகார வித்தியாசம் இன்னது, தரையில் ஆகும் காலம் இன்னது என்று நான்கையும் தனித்தனியே அறிந்து, பிறகு தம் ஊரையும் தேக நிலையையும் உத்தேசித்து ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பதுதான் பிரயாணிக்கு உபயோகமான கணக்கு. அந்தக் கணக்கைப் பிறர் உதவியின்றித் தாமே போட்டுக்கொள்ளும் வகையை இந்த அத்தியாயத்தில் விவரிக்கிறேன்.

தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பூமி உருண்டையாக இருப்பதால், அதன் மேற்பரப்பில் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு அவ்விரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்லும் ஒரு பெரு வட்டத்தின் பகுதியாக அமைகிறது. அட்டவணைகளில் நாம் காணும் ஆகாய தூரம் இந்தப் பெரு வட்ட வில்லின் நீளமே. சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை ஏறக்குறைய 13 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 80.2 பாகையிலும் இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே 1.4 பாகையிலும், கிழக்கே 104 பாகையிலும் இருக்கிறது. ஆக, தெற்கே இறங்க வேண்டியது 11.6 பாகை, கிழக்கே போக வேண்டியது 23.8 பாகை. அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர் ஆதலால், தெற்கே 1,290 கிலோமீட்டர். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒன்றையொன்று நெருங்குகின்றன என்றாலும், இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள 7 பாகை அட்சத்தில் அந்த நெருக்கம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே கிழக்கே 2,620 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து, பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரப்படி கர்ணத்தைக் கண்டால் 2,920 கிலோமீட்டர் வருகிறது. பூகோள வட்ட கணிதப்படி மிக நுட்பமாகக் கணக்கிட்டாலும் இதிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் மாறுவதில்லை.

ஆனால் இந்தச் சுலபமான முறை எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. பூமத்திய ரேகைக்கு அருகே, தூரமும் அதிகமில்லாத இடத்தில்தான் பூமியைத் தட்டையாகப் பாவித்தாலும் பாதகம் இல்லை. இதே முறையில் சென்னைக்கும் லண்டனுக்கும் கணக்கிட்டுப் பார்த்தால் 8,690 கிலோமீட்டர் என்று விடை வரும். உண்மையான பெரு வட்ட தூரமோ சுமார் 8,230 தான். வடக்கே போகப் போக உருண்டையின் வளைவு நமக்குக் குறுக்கு வழி ஒன்றைத் தருகிறது; தட்டையான படம் அதைக் காட்டுவதில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலகப் படத்தின்மேல் அளவுகோலை வைத்துத் தூரம் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூல் ஒன்றைப் பூகோள உருண்டையின்மேல் இழுத்துப் பிடித்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

அட்டவணைக்கு அட்டவணை எண்கள் வேறுபடுவதைக் கண்டும் சிலர் குழம்புகிறார்கள். ஒருவர் 2,900 என்பார், இன்னொருவர் 1,800 என்பார், மற்றொருவர் 1,570 என்பார். முதலாவது கிலோமீட்டர்; இரண்டாவது தரை மைல்; மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் உபயோகிக்கும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், பூமியின் வட்டத்தில் ஒரு பாகையை அறுபதாகப் பகுத்த அளவு அது. மூன்றும் ஒரே தூரம்தான்.

இனி, அந்த வழி எங்கெங்கே போகிறது என்று பார்ப்பது ஆர்வத்துக்கு மட்டுமன்றி நேரக் கணக்குக்கும் உதவும். சென்னையிலிருந்து சாங்கிக்கு இழுத்த கோடு, கரையைக் கடந்ததும் வங்காள விரிகுடாவின்மேல் தென்கிழக்காக இறங்கி, பாதிக்கு மேல் வழி போனபின், இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை அமைந்த பெரிய நிக்கோபார் தீவின் தெற்கு விளிம்பை ஒட்டிச் செல்கிறது. அதற்குச் சற்று அப்பால் சுமாத்திராவின் வடமுனையையும் அதன் எதிரே உள்ள சிறு தீவுகளையும் தொட்டாற்போலக் கடந்து, மலாக்கா ஜலசந்தியின் நெடுகப் போய் முடிகிறது. பகல் விமானத்தில் வலப்பக்கத்துச் சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தவர்கள், மேகம் இல்லாத நாளாயிருந்தால், அச்சே பிரதேசத்து மலைகளைக் காணலாம். இந்த வழியில் நடுவே பகை நாடுகளோ, மூடப்பட்ட ஆகாயப் பரப்போ இல்லை என்பது பெரிய அநுகூலம். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனின் ஆகாயம் மூடப்பட்டிருப்பதும், 2019இல் பாகிஸ்தானின் ஆகாயம் சில மாத காலம் மூடப்பட்டிருந்ததும், மேல்திசை நாடுகளுக்குப் போகும் விமானங்களைச் சுற்று வழியில் போகச் செய்து பிரயாண காலத்தை நீட்டின; சிங்கப்பூர்ப் பிரயாணிகளுக்கு அந்தக் கவலை கிடையாது.

எனினும் விமானம் படத்தில் கீறிய கோட்டிலேயே போவதில்லை. ஆகாயத்திலும் வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு. கிழக்கு நோக்கிப் போகும் விமானங்கள் 35,000, 37,000 அடி போன்ற ஒற்றைப்படை உயரங்களிலும், மேற்கு நோக்கி வருபவை 36,000, 38,000 அடி போன்ற இரட்டைப்படை உயரங்களிலும் பறப்பது பொதுவான நியமம். சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக அமைந்திருக்கிறது. காற்றை எதிர்த்து எழும்புவதே விமானத்துக்குப் பாதுகாப்பு ஆனபடியால், தென்மேற்குப் பருவக் காற்று வீசும் காலத்தில் விமானங்கள் பெரும்பாலும் மேற்கு முகமாக எழும்பி, பிறகு வளைந்து கிழக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவத்திலோ நேரே கடலை நோக்கி எழும்பிப் போய்விடலாம். இப்படி ஒரு சில நிமிஷங்கள் கூடுவதும் குறைவதும் பிரயாணியின் கண்ணுக்குத் தெரியாமலே நடக்கின்றன.

காலக் கணக்கில் பலரும் தடுமாறுகிற இடத்துக்கு இப்போது வருவோம். இந்த மார்க்கத்தில் ஓடும் விமானங்கள் நல்ல உயரத்துக்குப் போனபின் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டிப் பறக்கின்றன. அந்த வேகத்தில் 2,900 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 25 நிமிஷம் போதும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. சாங்கியை நெருங்கியதும் முன்னால் வந்த விமானங்களுக்குப் பின்னே வரிசையில் நிற்க வேண்டும். பாதையும் அங்கங்கே வளைகிறது. இவற்றுக்காக இருபது நிமிஷம் சேர்த்தால் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மூன்றே முக்கால் மணி. டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது இதுவும் அன்று. விமானம் நிற்குமிடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்துப் பின்னே நகர்ந்த கணத்திலிருந்து, மறுமுனையில் மீண்டும் முட்டுக்கட்டை வைக்கும் கணம் வரையில் உள்ள காலத்தையே விமானக் கம்பெனிகள் கணக்கில் எடுக்கின்றன. அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் பிளாக் டைம். இரண்டு நிலையங்களிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் ஊர்ந்து வருவதுமாக அரைமணி ஆகிறது. ஆக நாலேகால் மணி. சில கம்பெனிகள் தாமதத்துக்கு இடம் வைத்து நாலரை மணி வரையிலும் போட்டுக்கொள்கின்றன. குறித்த நேரத்துக்குப் பின் பதினைந்து நிமிஷத்துக்குள் வந்து சேர்ந்தாலே சரியான நேரத்தில் வந்ததாகக் கணக்கு வைப்பது விமான உலகின் வழக்கம். அதனால் ஒரு கம்பெனியின் விமானம் இன்னொன்றைவிடப் பத்து நிமிஷம் விரைவாகப் போவதாக அட்டவணையில் கண்டால், அதை ஒரு காரணமாகக் கொண்டு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை; புறப்படும் வேளை தமக்குச் சௌகரியமா என்று பார்ப்பதே மேல்.

போகும் நேரமும் திரும்பும் நேரமும் சமமாக இராததற்குக் காரணம் காற்று. இதில் நம்முடைய பிரதேசத்துக்கே உரிய ஒரு விசேஷம் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தரையில் தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருக்க, அதற்கு மேலே பன்னிரண்டு முதல் பதினாறு கிலோமீட்டர் உயரத்தில், தென்னிந்தியாவின் தலைக்கு மேலாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலை ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம் என்ற விஞ்ஞானி 1950களில் இதை ஆராய்ந்து விளக்கினார். கீழே ஒரு திசை, மேலே அதற்கு நேர் எதிர்த்திசை. விமானங்கள் இந்தக் காற்றோட்டத்தின் கீழ்ப்பகுதியில் பறப்பதால், அந்த மாதங்களில் சிங்கப்பூருக்குப் போகிற விமானம் எதிர்காற்றைச் சந்திக்கிறது. சென்னைக்குத் திரும்புகிற விமானத்தைப் பின்னாலிருந்து காற்றே தள்ளிக்கொண்டு வருகிறது. வழி நெடுகிலும் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று என்று வைத்துக்கொண்டால், போகும்போது 3 மணி 37 நிமிஷமும் வரும்போது 3 மணி 13 நிமிஷமும் ஆகும். வித்தியாசம் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிஷம். மேல்திசைப் பிரயாணத்தில் நிலைமை தலைகீழ். வட இந்தியாவின் மேலும் அதற்கு அப்பாலும் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் பலத்த மேற்காற்று, லண்டன் போகும் விமானத்தை எதிர்த்து நின்று, அங்கிருந்து வரும் விமானத்துக்குத் துணை செய்கிறது. ஆகவே கிழக்கே போவது விரைவு, மேற்கே போவது தாமதம் என்று புத்தகங்களில் பொதுவாக எழுதியிருப்பதை நம்முடைய சிங்கப்பூர் மார்க்கத்துக்கு அப்படியே பொருத்துவது தவறு.

அடுத்தது கடிகாரம். இந்திய நேரத்தைவிடச் சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னே நிற்கிறது. பழைய நூல்களில் இரண்டு மணி என்று கண்டால் அது அக்காலத்துக்குச் சரி. மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வகுக்கத் தீர்மானித்தபோது சிங்கப்பூரும் உடன்பட்டு, 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்துக்கொண்டது. சூரியனைக் கொண்டு பார்த்தால் அந்தத் தீவுக்கு உரிய நேரம் கிரீனிச்சுக்கு ஏழு மணி முன்னே இருந்தால் போதும். எட்டு மணியாக வைத்திருப்பதால் அங்கே வருஷம் முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியோதயம், மாலை ஏழு மணியை ஒட்டித்தான் அஸ்தமனம். அதிகாலையில் எழுந்து நடக்கப் போகிற வழக்கமுள்ள பெரியவர்கள், ஆறு மணிக்கும் கும்மிருட்டாக இருக்கிறதே என்று வியக்காமல் இருக்க இதை அறிந்து போக வேண்டும். கோடையில் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் வழக்கம் இந்தியாவிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை. ஆகவே இந்த இரண்டரை மணி என்றும் மாறுவதில்லை.

டிக்கெட்டில் அச்சிடும் நேரங்கள் யாவும் அந்தந்த ஊர் நேரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, சென்னையில் இரவு 11.30க்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரில் காலை 6.20க்குச் சேரும் விமானம் ஒன்றைக் கொள்வோம். கடிகாரப்படி 6 மணி 50 நிமிஷம். அதில் இரண்டரை மணியைக் கழித்தால் பிரயாண காலம் 4 மணி 20 நிமிஷம். திரும்பும்போது அங்கே இரவு 8 மணிக்குக் கிளம்பிச் சென்னையில் 9.45க்கு இறங்குவதாக இருந்தால், 1 மணி 45 நிமிஷத்தோடு இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும். 4 மணி 15 நிமிஷம். கிழக்கே போகையில் கழித்தல், மேற்கே வருகையில் கூட்டல்.

இதைவிட முக்கியமானது தேதி. நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானங்கள் இந்த மார்க்கத்தில் உண்டு. டிக்கெட்டில் 15ஆம் தேதி, நேரம் 00.30 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அன்று இரவு 9.30 மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது பொருள். 15ஆம் தேதி பகல் முழுவதும் வீட்டில் இருந்து விடைபெற்றுக்கொண்டு அன்று இரவு போய் நிற்பவருக்கு, விமானம் முந்தைய இரவே போய்விட்டதாகச் சொல்லப்படும். டிக்கெட் பணமும் பெரும்பாலும் போனதுதான். நாள் என்பது சூரியோதயத்தில் தொடங்குகிறது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருப்பதால், முதியவர்கள் இந்த இடத்தில் இடறுவது இயல்பு. அனுப்பிவைக்கும் பிள்ளைகள், 'இந்த ராத்திரி, இந்தக் கிழமை ராத்திரி' என்று வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய நாளையும் வேளையையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

இரவு விமானமா, பகல் விமானமா என்ற யோசனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவு விமானத்தில் ஒரு பகல் பொழுது மிச்சமாகிறது என்று பலர் அதை விரும்புகிறார்கள். ஆனால் 11.30க்குக் கிளம்பி, ஆகாயத்தில் ஏறிச் சமநிலைக்கு வந்து, உணவு பரிமாறித் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் விளக்கை அணைப்பதற்குள் மணி ஒன்று ஆகிவிடும். இறங்குவதற்கு அரைமணிக்கு முன்பே விளக்கைப் போட்டு, நாற்காலியை நிமிர்த்தச் சொல்லி எழுப்பிவிடுவார்கள். கிடைக்கிற தூக்கம் இரண்டு மணி, மிஞ்சினால் இரண்டேகால். காலை 6.20க்குச் சிங்கப்பூரில் இறங்கும்போது தேகம் அறிந்த நேரம் விடியற்காலை 3.50 தான். நடுவயதுக்காரர்கள் அன்று மாலைக்குள் தேறிவிடுவார்கள். அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கும், நீரிழிவுக்காக வேளை பிசகாமல் மருந்து உட்கொள்பவர்களுக்கும் பகல் விமானமே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், இரண்டரை மணி முன்னே தள்ளிப்போகிற நாளில் எந்த வேளை எவ்வளவு என்று தம் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தரைக்கு வருவோம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக வரும்படி கம்பெனிகள் சொல்கின்றன. பெட்டியை ஒப்படைக்கும் கவுண்டர்களைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பாக மூடிவிடுவது பொதுவான வழக்கம். மூன்று மணியை வீண் காலம் என்று சுருக்கப் பார்க்கிறவர்கள், பெட்டியை ஒப்படைக்கும் வரிசை, குடியேற்றச் சோதனை வரிசை, பாதுகாப்புச் சோதனை வரிசை ஆகிய மூன்றில் எது நீளும் என்று முன்னறிவதற்கில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தஞ்சை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்து மக்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேர் விமானங்கள் உண்டு. முன்சொன்ன முறைப்படி கணக்கிட்டால் திருச்சி–சிங்கப்பூர் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர்; சென்னையிலிருந்து போவதைவிட 60 கிலோமீட்டர் அதிகம். ஆகாயத்தில் அது நாலைந்து நிமிஷப் பறப்பு. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சென்னை வழியாகப் போனால், ரயிலுக்கு ஏழு மணி, ரயிலடியிலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி, அங்கே மூன்று மணி, விமானத்தில் நாலேகாலுக்கு மேல், சிங்கப்பூரில் இறங்கி வீடு சேர ஒன்றரை மணி என்று பதினேழு மணியைத் தொடுகிறது. திருச்சி வழியாகப் போனால் மோட்டாரில் ஒன்றரை மணி, நிலையத்தில் மூன்று, விமானத்தில் ஏறக்குறைய நாலரை, அங்கே ஒன்றரை என்று பத்தரை மணியில் முடிந்துவிடுகிறது. ஆகாய தூரம் கூடியிருக்க, பிரயாண காலம் ஆறு மணிக்கு மேல் குறைகிறது. டிக்கெட் விலை சற்று அதிகமாக இருந்தாலும், ரயில் கட்டணத்தையும் சிரமத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது திருச்சியே மலிவாக முடிகிற சந்தர்ப்பங்கள் பல.

இடையில் வேறு ஊரில் இறங்கி மாறிப் போகும் டிக்கெட்டுகளின் கணக்கும் இப்படித்தான் கண்ணை மறைக்கிறது. கொழும்பு வழியாகப் போனால் சென்னை–கொழும்பு சுமார் 650 கிலோமீட்டர், கொழும்பு–சிங்கப்பூர் சுமார் 2,750 கிலோமீட்டர், மொத்தம் 3,400. நேர் வழியைவிட 500 கிலோமீட்டர்தான் அதிகம். பறக்கும் நேரமாகப் பார்த்தால் முக்கால் மணிகூட இல்லை. ஆனால் இன்னொரு தடவை இறங்கி, ஊர்ந்து, காத்திருந்து, ஏறி, எழும்பும் காலம் மூன்று மணியும் ஆகும், ஏழு மணியும் ஆகும். விலை மிகக் குறைவாக இருந்து, உடம்பிலும் தெம்பு இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு பகுதிகளும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டதற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது.

தாமதத்துக்குரிய காலங்களையும் அறிந்திருப்பது விவேகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் பருவம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று போக்குவரத்து நின்றது. திருமணம், கிரகப்பிரவேசம் போன்ற நாள் குறித்த காரியத்துக்கு அந்த மாதங்களில் போகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகப் புறப்பட வேண்டும். மற்றொன்று போகிப் பண்டிகை. ஜனவரி நடுவில் வரும் அந்த விடியற்காலையில் சென்னை முழுவதும் பழம் பொருள்களைக் கொளுத்தும் புகையும் மார்கழிப் பனியும் கலந்து ஓடுபாதையை மறைத்துவிடுவதால், பல வருஷங்களில் காலை விமானங்கள் தாமதமாயின. வந்தவை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பொங்கலுக்குச் சொந்த ஊர் வந்து சேர விரும்பும் சிங்கப்பூர்வாசிகள் போகியன்று விடியற்காலையில் இறங்கும் விமானத்தை விலக்கி, முதல் நாள் இரவோ அன்று பிற்பகலோ வரும் விமானத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முன்பு கப்பலில் போன காலத்தில், 1926இல் கட்டப்பட்ட ராஜுலா என்னும் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. 1985இல் சிதம்பரம் என்னும் கப்பலில் தீ விபத்து நேர்ந்ததோடு அந்தக் கடல் வழிப் பிரயாணமும் முடிவுக்கு வந்தது. கப்பல் ஏறியவர்கள் பிரயாணத்தையே சில நாள் வாசமாகக் கொண்டு, அரிசி பருப்பு முதற்கொண்டு ஆயத்தம் செய்துகொண்டு போனார்கள். அந்த ஆயத்த புத்தியில் ஒரு சிறு பங்காவது விமானப் பிரயாணிக்கும் வேண்டும் என்பதாலேயே இதைக் குறிப்பிட்டேன்.

சிங்கப்பூரில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எஸ்.ஜி. அரைவல் கார்டு என்னும் வருகைப் படிவத்தை, சேரும் நாளையும் உள்ளிட்ட மூன்று நாள்களுக்குள், கைப்பேசியிலோ கணினியிலோ நிரப்பி அனுப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்பவர்கள் இடைத்தரகர்கள். விசா வேறு, இது வேறு. இந்தியக் குடிமக்களுக்கு இரண்டும் அவசியம். குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டியும் கைக்கு வந்தபின், சாங்கியிலிருந்து நகரத்தின் நடுப்பகுதி இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. டாக்ஸியில் அரைமணி. எம்.ஆர்.டி. ரயிலில் போகிறவர்கள் அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால், நம்மவர்கள் தேக்கா என்றழைக்கும் லிட்டில் இந்தியாவுக்கு ஒரே வண்டியில் போய்விடலாம். ஒரு மணிக்குச் சற்றுக் குறைய ஆகும். நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடுவதால், இரவு பதினொரு மணிக்கு மேல் இறங்குகிறவர்கள் டாக்ஸிக்குப் பணம் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது சென்னையில் இரவு 9.45க்கு இறங்குபவர், வெளியே வர 11 மணி ஆகும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். எழும்பூரில் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் புறப்படும் தென்மாவட்ட ரயில்களைப் பிடிக்க நகரத்துக்குள் ஓடுவது வீண் முயற்சி. தென்மாவட்ட வண்டிகளில் பெரும்பாலானவை எழும்பூரை விட்டு அரைமணி கழித்துத் தாம்பரத்தில் நின்று போகின்றன. தாம்பரமோ விமான நிலையத்துக்குத் தெற்கே, நாம் போக வேண்டிய திசையிலேயே இருக்கிறது. ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போதே ஏறுமிடம் தாம்பரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி நள்ளிரவுக்கு முன் தாம்பரத்தை விட்டுப் போவதானால் அதை நம்பாமல் அடுத்ததற்குப் பதிவு செய்வது நலம். விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் நிலையத்திலிருந்து மின்சார ரயிலிலும் தாம்பரம் போகலாம் என்றாலும், பெரிய பெட்டிகளோடு அந்த வேளையில் வாடகைக் கார்தான் சௌகரியம். ரயிலில் இடம் கிடைக்காதவர்களுக்கு, வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்திலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் இரவு முழுவதும் புறப்படுகின்றன; 2023 டிசம்பர் இறுதியில் அந்த நிலையம் திறக்கப்பட்ட பிறகு கோயம்பேட்டுக்குப் போக வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.